அறத்தீர்ப்பில் உணர்ச்சியின் பங்கு: சொல், மொழி, மொழிபெயர்ப்பு

ஒரு செயலை நன்று என்றோ தீது என்றோ தீர்மானிக்கும்பொழுது மனித மனம் ஆராயும் அறிவின் வழி நடக்கிறதா, அன்றி இரக்கம், சினம், நாணம், அருவருப்பு முதலிய உணர்ச்சிகளின் வழி நடக்கிறதா? நன்றென அறிந்ததைச் செய்யுமாறு மனத்தை உந்துவது எது? இவ்வினாக்கள் நெடுங்காலம் மெய்யியலார்க்கும், பின்னர் உளவியலார்க்கும் உரியனவாகவே கருதப்பட்டு வந்தன. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இவற்றை வேற்றுப்புலத்துப் பொருளாக எண்ணி விலகியே நின்றனர். ஆனால் அறத்தீர்ப்பு, அது எம்மொழியில் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்து மாறக்கூடும் என்பதை 2014 முதல் நிகழ்ந்துள்ள சோதனைகள் காட்டுகின்றன. உணர்ச்சி அறச்சிந்தனையின் ஓர் உறுப்பு என்பது உண்மையானால், அவ்வுணர்ச்சியைச் சுமந்து செல்லும் சொல்லும் தொடரும் அவ்வுறுப்பின் பகுதியே ஆகும். அங்ஙனமாயின் மொழிபெயர்ப்பில் உணர்ச்சியின் எடை குறைவது நடையளவில் நேரும் குறையன்று. பொருளளவில் நேரும் குறை. இக்கருத்தை நிறுவ முற்படுவது இக்கட்டுரை.

சொற்களின் வரலாறு

ஆங்கில அறவியல் நூல்களைத் தமிழாக்குவோர் முதற்கண் எதிர்ப்படும் இடர் கலைச்சொல்லிலேயே உள்ளது. டேவிட் ஹியூம் 1739-40ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட மனித இயல்பு பற்றிய நூலில் பெரிதும் ஆளப்படும் சொல் 'பேஷன்' என்பது. ஆடம் ஸ்மித் 1759இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இடம்பெறும் சொல் 'சென்டிமென்ட்' என்பது. 'இமோஷன்' என்னும் சொல் அக்காலத்தும் வழங்கியதாயினும், கிளர்ச்சி, அசைவு என்னும் பொதுப்பொருளிலேயே பெரும்பாலும் நின்றது. பழைய சொற்கள் பலவற்றையும் தன்னுள் அடக்கிக்கொண்ட ஒரே வகைப்பெயராக அது உயர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எடின்பரோவில் தாமஸ் பிரவுன் ஆற்றி 1820இல் அச்சேறிய விரிவுரைகளை ஒட்டியே எனத் தாமஸ் டிக்ஸன் 2003இல் வெளிவந்த தம் நூலில் விரித்துக் காட்டியுள்ளார்.

இம்மூன்று சொற்களையும் 'உணர்ச்சி' என ஒன்றாகவே பெயர்த்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. இதனால் நேரும் கேடு சிறிதன்று. அறிவு தனித்து நின்று மனிதனைச் செயலில் ஈடுபடுத்தாது என்பதும், எதை விரும்புவது என்பதை அறிவு தீர்மானிப்பதில்லை, விரும்பியதை அடையும் வழியையே காட்டுகிறது என்பதும் ஹியூமின் கொள்கை. தமிழில் இதனை 'உணர்ச்சியே அறிவை ஆள்கிறது' என எழுதினால், உணர்ச்சிவசப்படுவதை அவர் பரிந்துரைத்தார் என்பதுபோல் ஒலிக்கும். அவரோ கடிய வேட்கைகளையும் அமைந்த வேட்கைகளையும் வேறுபடுத்தியவர். அமைந்தவை ஆரவாரமின்றி மனத்தில் இயங்குவதால் அவற்றையே அறிவென மக்கள் மயங்குகின்றனர் என்று கூறியவர். பிள்ளைகள்பால் கொள்ளும் பரிவு, பொதுவான நன்மை விருப்பம் ஆகியன அவர் கருத்தில் அமைந்த வேட்கைகள். 'உணர்ச்சி' என்னும் தமிழ்ச்சொல் இன்று பெரிதும் கடியவற்றையே நினைவூட்டுவது. 'உணர்ச்சிவசப்பட்டார்', 'உணர்ச்சிகரமான பேச்சு' என்னும் வழக்குகளே இதற்குச் சான்று.

ஸ்மித்தின் 'சிம்பதி' இதனினும் தொல்லை தருவது. இதனை இரக்கம் என்றோ அனுதாபம் என்றோ பெயர்த்தல் இயல்பாக நிகழ்கிறது. ஆனால் ஸ்மித் அச்சொல்லைத் துன்பத்திற்கு மட்டும் உரியதாகக் கொள்ளவில்லை. பிறர் மகிழ்ச்சியிலும், நன்றியுணர்விலும், சினத்திலுங்கூட நம் மனம் உடன்செல்வதை அவர் அப்பெயரால் சுட்டினார். மேலும், பிறரது உணர்ச்சியைக் கண்டதனால் அன்றி, அவர் நிற்கும் நிலைமையில் நம்மை வைத்துப் பார்ப்பதனாலேயே அது பெரிதும் எழுகிறது என்றார். 'எம்பதி' என்னும் சொல் அன்று ஆங்கிலத்தில் இல்லை. ஜெர்மன் சொல் ஒன்றை அடியொற்றி டிட்செனர் அதனை ஆக்கியது 1909இல்தான். ஆதலின் ஸ்மித்தை மொழிபெயர்ப்போர்க்கு 'உடனுணர்வு' அல்லது 'ஒத்துணர்வு' என்பதே பொருந்தும். இரக்கம் என்று பெயர்த்தால் அவர் நூலின் அடித்தளமே சாய்ந்துவிடும். மகிழ்ச்சிக்கு எவரும் இரங்குவதில்லை.

காண்ட் இதற்கு மறுதலையான நிலையினர் என்பது நூல்வழக்கு. கடமை என்பதற்காகச் செய்யும் செயலே அறமதிப்புடையது, மனச்சாய்வினால் செய்வது அன்று என்றார் அவர். எனினும் 1785இல் வெளிவந்த அவரது அறநூலிலும் ஓர் உணர்ச்சிக்கு இடம் உண்டு. அறவிதியின்பால் தோன்றும் மதிப்பு ஓர் உணர்ச்சியே. ஆனால் வெளியிலிருந்து வந்ததன்று, அறிவே தன்னுள் பிறப்பித்தது என விளக்கினார். செயலுக்கு உந்துதல் வேண்டும் என்பதை அவராலும் முற்றும் மறுக்க இயலவில்லை என்பதே இதனால் பெறப்படுவது.

இனித் தமிழ்ச்சொல்லைக் காண்போம். 'உணர்' என்னும் வினை அறிதலையும் உணர்ச்சிப்படுதலையும் ஒருங்கே குறிப்பது. 'குளிரை உணர்ந்தான்', 'தவற்றை உணர்ந்தான்', 'பாடத்தை ஓதி உணர்ந்தான்' ஆகிய மூன்றும் தமிழில் இயல்பான தொடர்கள். திருக்குறள் பேதைமை அதிகாரத்தில், கற்று உணர்ந்து பிறர்க்கு எடுத்துரைத்தும் தான் அதன்வழி அடங்கி ஒழுகாதவனைப் பேசுமிடத்தில், இவ்வினை நூற்பொருளைத் தெளிந்து அறிதலையே சுட்டுகிறது. அறிந்தும் செய்யாமை என்னும் சிக்கலை, அதாவது அறவறிவுக்கும் அறவுந்துதலுக்கும் இடையே உள்ள பிளவை, அக்குறள் நேராகவே எடுத்துக்கொள்கிறது. சைவ சித்தாந்த நூல்களிலும் உணர்வு என்பது அறிவு நிலையைக் குறிப்பதாகவே வரும். உணர்வும் உணர்ச்சியும் அறிவுக்கு எதிர்ச்சொற்களாக நிற்பது மிகப் பிற்பட்ட வழக்கு. அதில் ஆங்கிலக் கல்வியின் செல்வாக்கு இருப்பதாகவே கொள்ளத் தோன்றுகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இங்குக் கருதத்தக்கது. அவ்வியல் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுவதோடு அமையாது, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன் நந்நான்கினையும் கூறுகிறது. வெகுளிக்கு உரைக்கப்பட்ட நிலைக்களன்கள் உடலுறுப்பைக் குறைத்தல், குடியினரை நலிதல், அலைத்து வருத்துதல், கொல்லுதல் என்பன. நான்கும் பிறர்க்கு இழைக்கும் தீங்குகள். பெருமிதத்திற்குரியவற்றுள் கல்வியும் கொடையும் இடம்பெறுகின்றன. சினம் என்பது காரணமற்ற கொதிப்பன்று, தீங்கு நேர்ந்தது என்னும் மதிப்பீட்டை உள்ளடக்கியது என்னும் கருத்து இப்பட்டியலிலேயே பொதிந்துள்ளது. இதனைக் கொண்டு இக்கால உளவியல் முழுவதையும் தொல்காப்பியர் முன்னரே உரைத்துவிட்டார் எனப் பறைசாற்றுவது பொருந்தாது. அது செய்யுளியல் நோக்கில் எழுந்த பகுதி. உணர்ச்சிக்குப் பொருட்காரணம் உண்டு என்று கருதும் மரபு தமிழில் இருந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே தகும்.

சோதனைகள் கூறுவன

நரம்பியலார் அந்தோனியோ டமாசியோ 1994இல் வெளியிட்ட நூல் இத்துறையில் ஒரு திருப்பம் எனலாம். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி சிதைந்தோர் அறிவுத்தேர்வுகளில் குறைவின்றி விடையளித்தும், வாழ்க்கை முடிவுகளில் தொடர்ந்து தடுமாறினர். எது தக்கது என்பதை அவர்களால் சொல்ல முடிந்தது. அது அவர்களை ஈர்க்கவில்லை. 2007இல் இத்தகைய சிதைவுடைய அறுவரை ஆராய்ந்த கோனிக்ஸ் குழுவினர், பலரைக் காக்க ஒருவரைத் தம் கையாலேயே அழிக்கவேண்டிய நிலைமைகளில் அவர்கள் ஏனையோரைக் காட்டிலும் மிகுதியாக இசைந்ததைக் கண்டனர். 2001இல் ஜோஷுவா கிரீன் குழுவினரின் மூளைப்பட ஆய்வும், ஜோனதன் ஹைட்டின் கட்டுரையும் வெளிவந்தன. தீர்ப்பு முதலில் தோன்றுகிறது, காரணம் பின்னர்த் தேடப்படுகிறது என்று ஹைட் வாதிட்டார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். உணர்ச்சியே எல்லாம் என்னும் ஆர்வத்தில் எழுந்த சில முடிவுகள் நிலைபெறவில்லை. அருவருப்பைத் தூண்டினால் அறத்தீர்ப்பு கடுமையாகும் என்பது அவற்றுள் ஒன்று. 2015இல் வெளிவந்த தொகுப்பாய்வு, அவ்விளைவு இருப்பின் மிகச் சிறியதே எனக் கண்டது. உணர்ச்சி தீர்ப்பின் ஓர் உறுப்பு என்பது வேறு. உணர்ச்சியை அசைத்தால் தீர்ப்பு உடனே அசையும் என்பது வேறு.

நம் துறைக்கு நேரடியாக உரியது ஆல்பர்ட் கோஸ்டா, போவாஸ் கெய்ஸார் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் எடுத்துக்கொண்ட புதிர் பழையது. பிலிப்பா ஃபுட் 1967இல் எழுப்பியதை ஒட்டி, ஜூடித் ஜார்விஸ் தாம்சன் அமைத்த வடிவம் அது. கட்டுக்கடங்காத வண்டியொன்று தண்டவாளத்தில் நிற்கும் ஐவரை நோக்கி விரைகிறது. மேம்பாலத்தில் நிற்கும் பருத்த உடலினர் ஒருவரைக் கீழே தள்ளினால் வண்டி நிற்கும். அவர் இறப்பார், ஐவர் பிழைப்பர். தள்ளலாமா? இதன் மற்றொரு வடிவில் தள்ளவேண்டியதில்லை. விசையைத் திருப்பி வண்டியை ஒருவர் நிற்கும் வேறு தடத்தில் செலுத்தினால் போதும். எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. எனினும் பின்னதற்கு இசைவோர் பலர், முன்னதற்கு இசைவோர் சிலர்.

பல நாட்டு மாணவரிடை நிகழ்ந்த முதற்சோதனையில், மேம்பாலப் புதிரைத் தாய்மொழியில் படித்தோருள் 20 விழுக்காட்டினரும், கற்றுக்கொண்ட அயன்மொழியில் படித்தோருள் 33 விழுக்காட்டினரும் தள்ளலாம் என்றனர். இம்முடிவைக் கேட்டவுடன் மொழிபெயர்ப்பாளர்க்கு எழும் ஐயம் ஒன்றே: வேறுபாடு அயன்மொழியால் வந்ததா, மொழிபெயர்ப்பால் வந்ததா? ஒரு பெயர்ப்பில் 'தள்ளு' என்பதற்கு நேரான சொல் மென்மையாக அமைந்துவிட்டிருக்கலாமே? இரண்டாம் சோதனை இதற்கு விடையளிக்கிறது. ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலம் கற்றோரையும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு ஸ்பானியம் கற்றோரையும் எதிரெதிராக நிறுத்தினர். பெயர்ப்பு காரணமாயின் விளைவு ஒரு திசையில் மட்டும் தோன்றவேண்டும். ஆனால் எம்மொழி அயன்மொழியோ அம்மொழியில் இசைவு மிகுந்தது: தாய்மொழியில் 18, அயன்மொழியில் 44 விழுக்காடு. விசைப்புதிரிலோ 81, 80 என வேறுபாடின்றி நின்றது. உணர்ச்சி மிகுந்து எழும் புதிரில் மட்டுமே மொழி குறுக்கிட்டது என்பது நோக்கத்தக்கது.

காரணம் யாது? அயன்மொழியில் மெல்லப் படிக்கிறோம், ஆகவே நன்கு சிந்திக்கிறோம் என்பது ஒரு விளக்கம். ஹயகவா முதலியோர் 2017இல் வெளியிட்ட ஆறு சோதனைகள் இதனை ஆதரிக்கவில்லை. சிந்தனை மிகுவதன்று, தீங்கு செய்யக் கூசும் உணர்ச்சி மழுங்குவதே நிகழ்கிறது என்றே அவை சுட்டுகின்றன. இதனோடு கேதரின் ஹாரிஸ் முதலியோர் 2003இல் வெளியிட்டதனை இணைத்துக் காணலாம். துருக்கிமொழியை முதன்மொழியாகக் கொண்டு பின்னர் ஆங்கிலம் கற்றோர், சிறுவயதில் பெரியோர் கண்டிக்கும் தொடர்களைத் துருக்கியில் கேட்டபொழுது அவர்தம் தோலில் மின்கடத்தல் கூடியது. அதே தொடர்களை ஆங்கிலத்தில் கேட்டபொழுது அத்துணை கூடவில்லை. 'வெட்கமாயில்லை?' என்று தாய் கேட்டதை உடல் மறவாதிருக்கிறது. அறம் முதலில் கற்பிக்கப்படுவது அவ்வகைத் தொடர்களால் அன்றோ?

எனினும் இதனை எல்லாச் சூழலுக்கும் நீட்டல் கூடாது. டில்மன், ஷாம்பு-லார்சன் ஆகியோர் 2020இல் ஸ்வீடன் நாட்டினரிடம் கண்டது வேறு. பிரெஞ்சில் படித்தோரிடம் விளைவு தோன்றியது. ஆங்கிலத்தில் படித்தோரிடம் தோன்றவில்லை. அந்நாட்டு வாழ்வில் ஆங்கிலம் அவ்வளவு கலந்துள்ளது. நார்வேமொழியிலும் தோன்றவில்லை, அது ஸ்வீடிஷ் மொழிக்கு மிக நெருங்கிய உறவுமொழி. இந்தியாவில் ஆங்கிலம் சிலர்க்கு வீட்டுமொழி, சிலர்க்கு அலுவல்மொழி, பலர்க்குத் தேர்வுமொழி. ஆகவே ஒரு விழுக்காட்டை இங்குக் கொணர்ந்து பொருத்துதல் இயலாது. தமிழ், கன்னடம் போன்ற உறவுமொழிகளுக்கிடையே இவ்விளைவு தோன்றுமா என்பது நம் நிறுவனங்கள் எடுத்து ஆராயத்தக்க பொருள்.

தமிழ்த் தொடரமைப்பும் அறவுந்துதலும்

இத்தகைய ஆய்வைத் தமிழில் நிகழ்த்துவோர் வினாநிரலைப் பெயர்க்கும்பொழுதே பல தீர்மானங்களைச் செய்தாக வேண்டும். மேம்பாலத்தில் நிற்பவர் 'ஒருவரா', 'ஒருவனா', 'ஓர் ஆளா'? ஆங்கிலம் இவ்வினாவை எழுப்புவதில்லை. தமிழ் எழுப்பாமல் விடுவதில்லை. 'ஒருவனைத் தள்ளிவிடலாமா' என்பதும் 'ஒருவரைப் பிடித்துத் தள்ளலாமா' என்பதும் எண்ணிக்கையில் ஒன்றாயினும் கேட்போர் மனத்தில் ஒன்றல்ல. முன்னதில் 'விடு' என்னும் துணைவினை செயலை இலேசாக்குகிறது. பின்னதில் 'பிடித்து' என்னும் எச்சம் கையின் தொடுகையைக் கண்முன் நிறுத்துகிறது. மரியாதைப் பன்மை அவரை உறவுடைய மனிதராக்குகிறது.

துணைவினைகளைப் பற்றி இ. அண்ணாமலை, ஷிஃப்மன் முதலியோர் விரிவாக எழுதியுள்ளனர். 'விடு' வினைமுற்றுப்பேற்றைக் காட்டுவதோடு, சூழலுக்கேற்பத் தற்செயலையோ வருத்தத்தையோ குறிப்பாகத் தரும். 'சொன்னேன்' என்பதற்கும் 'சொல்லிவிட்டேன்' என்பதற்கும் 'சொல்லித் தொலைத்தேன்' என்பதற்கும் இடையே செய்தி ஒன்று, பேசுவோன் தன் செயலை நோக்கும் நிலை வேறு. அந்நிலையே அறவியல் பேசும் தன்மதிப்பீடு. ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே இறந்தகால வினையாகிவிடுவதை நாள்தோறும் காண்கிறோம்.

உணர்ச்சியைக் கூறும் தொடர்களில் தமிழுக்கு இருவழி உண்டு. 'எனக்குக் கோபம் வந்தது' என நான்காம் வேற்றுமையில் உணர்வோனை நிறுத்துவது ஒன்று. 'நான் கோபப்பட்டேன்' என எழுவாயாக்குவது மற்றொன்று. முன்னதில் சினம் வந்து சேர்வது. பின்னதில் அவன் மேற்கொள்வது. பொறுப்பின் அளவு இங்கு வேற்றுமை உருபிலேயே தங்கியுள்ளது.

அறவுந்துதலைத் தமிழர் பேச்சுவழக்கில் எங்ஙனம் கூறுகின்றனர் என்பது தனியே தொகுக்கத்தக்கது. 'விட்டுவர மனம் வரவில்லை', 'பார்த்துக்கொண்டிருக்க மனம் கேட்கவில்லை', 'அடிக்கக் கை எழவில்லை', 'பொய் சொல்ல நாக்கு வரவில்லை', 'செய்தது உறுத்துகிறது' என்பன சில. இவற்றில் தீர்ப்பும் உந்துதலும் தனித்தனியே நிற்கவில்லை. 'இது தவறு என அறிந்தேன், ஆகவே விரும்பவில்லை, ஆகவே செய்யவில்லை' என்னும் மூன்று படிகளும் கை எழாமை என்னும் ஒரே மெய்ப்பாட்டில் அடங்கிவிடுகின்றன. 'உறுத்துதல்' கண்ணில் விழுந்த தூசிக்கும் மனச்சான்றுக்கும் பொதுவான வினை. இவற்றை 'முடிவெடுத்தேன்', 'மறுத்தேன்' என அறிவுச்சொற்களால் பெயர்ப்போர், ஹியூமுக்கும் காண்ட்டுக்கும் இடையிலுள்ள வழக்கில் தம்மையறியாது காண்ட்டின் பக்கம் தீர்ப்பளித்து விடுகின்றனர்.

நீதிமன்றத்தில் ஒரு சொல்

மேற்கூறியவை ஏட்டளவில் நிற்பவையல்ல. கடுமையானதும் திடீரென நேர்ந்ததுமான தூண்டுதலால் தன்னடக்கம் இழந்து செய்த கொலை, கொலைக்குற்றத்தினின்றும் குறைந்த குற்றமாகக் கருதப்படும் என்பது 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவில் முதல் விதிவிலக்காக இருந்தது. 2024 சூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவில் அது 101ஆம் பிரிவில் தொடர்கிறது. உணர்ச்சிக்குப் பொறுப்பைக் குறைக்கும் ஆற்றல் உண்டெனச் சட்டமே ஏற்கும் இடம் இது. 1961இல் நானாவதி வழக்கில் உச்சநீதிமன்றம், சொற்களும் சைகைகளுங்கூடச் சில சூழல்களில் இத்தகைய தூண்டுதலாகலாம் என்றது. குற்றஞ்சாட்டப்பட்டவர் சார்ந்த சமுதாயப் பிரிவினரான நியாயமான மனிதர் ஒருவர் அந்நிலைமையில் தன்னடக்கம் இழந்திருப்பாரா என்பதே அளவுகோல் என்றும் வகுத்தது. அந்நீதிமன்றத்தார் தம்முன் வந்த செய்திகளை அவ்வளவுகோலால் அளந்து, நானாவதிக்கு விதிவிலக்குப் பொருந்தாது என முடிவு செய்தனர். சினம் ஆறக் காலம் இருந்தது என்பதும் காரணங்களுள் ஒன்று.

சொல்லே தூண்டுதலாகலாம் எனின், அச்சொல் கோப்பில் எவ்வடிவில் உள்ளது என்பது வழக்கின் உயிர்நிலை. தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் பதிவாகும் சாட்சியம் மேல்முறையீட்டில் ஆங்கிலத்தில் படிக்கப்படுகிறது. 'அசிங்கமாகத் திட்டினார்' என்னும் வாய்பாடு முதல் தகவல் அறிக்கையிலேயே மூலச்சொல்லை மறைத்துவிடுவது உண்டு. அவ்வாய்பாடு ஆங்கிலமாகும்பொழுது இன்னொரு திரை விழுகிறது. சொல்லப்பட்டது சாதியைச் சுட்டிய வசையா, தாயைச் சுட்டியதா, மலடு எனப் பழித்ததா என்பது படிப்பவர்க்குத் தெரிய வழியில்லை. தெரிந்தாலும், ஆங்கில வடிவில் அது தோலைச் சுடுவதில்லை என்பதைத்தான் துருக்கிச் சோதனை காட்டிற்று. 'ஆத்திரம் வந்துவிட்டது, கையில் கிடைத்ததை எடுத்து அடித்துவிட்டேன்' என ஒருவர் வாக்குமூலம் தந்ததாகக் கொள்வோம். 'நான் கோபமுற்றேன்; ஒரு பொருளை எடுத்து அவரை அடித்தேன்' என்பதற்கு நேரான ஆங்கிலம் இலக்கணப் பிழையற்றது. ஆனால் வந்து சேர்ந்த ஆத்திரம் மேற்கொண்ட கோபமாகிவிட்டது. 'விடு' இரண்டும் உதிர்ந்தன. 'கையில் கிடைத்தது' என்பதில் இருந்த முன்னேற்பாடின்மையும் போயிற்று. தன்னடக்கம் இழந்தாரா என்னும் வினாவுக்குச் சான்றாக நிற்கக்கூடியவை இம்மூன்றுமே.

மறுபக்கமும் உண்டு. நடுநிலை வேண்டுவோர், அயன்மொழி தரும் விலகலை நன்மையெனக் கொள்ளலாம். கொலையுண்டவரின் தாய் கதறும் தொடர் அப்படியே ஒலித்தால் தீர்ப்பு சாயாதா என்று கேட்கலாம். இவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. திருக்குறளில் கண்ணோட்டம் என்னும் அதிகாரம் அறத்துப்பாலில் அன்றிப் பொருட்பாலில், அரசன் தொழில்களுக்கிடையே, வெருவந்த செய்யாமைக்கும் ஒற்றாடலுக்கும் நடுவே வைக்கப்பட்டுள்ளது. செய்யவேண்டிய கடமை கெடாதவாறு கண்ணோடுதலே ஆள்வோர்க்கு உரியது என அது வரையறுக்கிறது. பரிவைக் கடமையினின்று நீக்கவும் இல்லை; கடமையைப் பரிவிடம் ஒப்படைக்கவும் இல்லை. அச்சொல்லே இன்று 'பார்க்கும் கோணம்' என்னும் பொருளுக்குச் சென்றுவிட்டமை சொற்பொருள் வரலாற்றில் ஒரு வேடிக்கை. ஆனால் எவ்வளவு பரிவு, எவ்வளவு விலகல் என்பதைத் தீர்மானிக்கவேண்டியவர் நீதிபதியே அன்றி, அவர் அறியாமலே அதனை முன்கூட்டித் தீர்த்துவிடும் மொழிபெயர்ப்பாளர் அல்லர்.

நடைமுறையில் இயலக்கூடியவை சில உண்டு. வசைச்சொல்லையும் வருத்தச்சொல்லையும் மூலவடிவில் ஒலிபெயர்த்து எழுதி, அதனை எவர் எவரிடம் எந்நிலையில் சொல்வர் என்பதை ஒரு வரியில் குறிக்கலாம். துணைவினையின் குறிப்புப்பொருளை அடைப்பில் தரலாம். 'கழிவிரக்கம்' போன்ற சொற்களில் கூடுதல் விழிப்பு வேண்டும். கழிந்ததற்கு வருந்துதல் என்னும் பொருளில் நின்ற அச்சொல் இன்று தன்மீதே கொள்ளும் இரக்கத்திற்கும் வழங்குகிறது. ஒரு கைதியின் மனுவைப் பெயர்ப்பவர் முதற்பொருள் இருந்த இடத்தில் இரண்டாம் பொருளை எழுதிவிட்டால், செய்ததற்கு வருந்தி நிற்பவர் தன்னை நினைத்து மட்டும் அழுபவராகக் கோப்பில் பதிவாகிவிடுவார்.